எட்டாம் நம்பருக்கு வந்த காய்ச்சல்

நீங்களே சொல்லுங்க சார், இல்லாத ஒரு மிஷினுக்குக் காய்ச்சல் வருமுங்களா?

சிரிக்காதீங்க, நெசமாத்தான் கேக்கறேன். மதுரைக்குப் பரிச்சைப் பேப்பர் திருத்தத்தானே போறேன்னீங்க? அப்ப வாத்தியாரு. வாத்தியாருன்னா எது சரி எது தப்புன்னு சொல்லோணும், அதுக்குத்தான் கேக்கறேன். காலைச் சித்த அந்தப் பக்கம் நீட்டிக்கங்க, டின்னு இடிக்கும். தேங்காயெண்ணெய்தானுங்க, அஞ்சு லிட்டர். நாகர்கோவிலுக்குக் கொண்டுபோறேன். அந்த ஊருக்கே தேங்காயெண்ணெயான்னு கண்டக்டரும் சிரிச்சுட்டுத்தான் போனாரு. சிரிக்கட்டும். அவங்க எண்ணெய் வேற, எங்க எண்ணெய் வேற.

எம்பேரு சென்னியப்பனுங்க. காங்கயத்துக்குப் பக்கத்துல ஒரு எண்ணெய் மில்லுல மெயின்டெனன்ஸ் ஃபோர்மேன். முப்பத்தொரு வருசமாச்சு, இன்னும் ரெண்டு வருசத்துல ரிட்டையர்டு. கொப்பரையைப் புழியற மிஷின் இருக்குதுல்லங்க, எக்ஸ்பெல்லர்னு சொல்லுவோம், அது எங்க மில்லுல பதினொண்ணு வரிசையா நிக்குது. ஒவ்வொண்ணு மேலயும் பெயிண்ட்ல நம்பர் எழுதியிருக்கும். ஒண்ணுல ஆரம்பிச்சு ஏழு வரைக்கும். அப்புறம் ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னண்டு.

எட்டு எங்கன்னுதானே கேக்கறீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க.

எட்டு இருந்துச்சுங்க, பெரிய மொதலாளி காலத்துல. மகராசன், இப்ப இல்லை, போய்ச் சேந்துட்டாரு. அவரு எட்டாவது மிஷினை எறக்குனாரு பாருங்க, பூசைக்கு ஒடைச்ச தேங்காயே அழுகல். ரெண்டாம் நாளு பெல்ட் அறுந்துச்சு. ஒரு மாசத்துல மெயின் சாஃப்ட்டே ஒடைஞ்சு ரெண்டாப் போச்சு. ஜோசியரைக் கூப்புட்டுக் கேட்டா, எட்டு சனியோட நம்பராச்சுங்களேன்னு தலையில கை வெச்சுக்கிட்டாரு. அவ்வளவுதான். மிஷினைப் பேத்து மில்லுக்குப் பின்னாடி, பொடக்காலியில கொண்டுபோய்ப் போட்டாங்க. அந்த எடத்துல புதுசு ஒண்ணை நிறுத்தி, பெரிய மொதலாளியே பிரஷ்ஷைப் புடிச்சு ஒம்பதுன்னு எழுதுனாரு. அன்னையிலருந்து எங்க மில்லுல ஏழுக்கு அடுத்தது ஒம்பதுதான். எங்களுக்கு அப்படியே பழகிப் போச்சு. என்ற பையன் சின்னதுல மில்லுலயே சுத்திக்கிட்டு இருந்தானுங்களா, ஒண்ணாப்புல எட்டை விட்டுட்டு எண்ணி டீச்சர்கிட்ட கொட்டு வாங்கிட்டு வந்தான்.

எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாதுங்க. நான் மெக்கானிக்கு. இந்த பஸ்ஸுலகூட மொதல்ல எட்டாம் நம்பர் சீட்டுதான் குடுத்தாங்க, மாத்திக்கிட்டேன். நம்பிக்கைக்காக இல்லீங்க. அங்க வெயில் அடிக்கும்.

என்னங்க பாக்கறீங்க? இங்கயும்தான் அடிக்குது. அதுக்கு என்ன பண்றது?

செரி, விசயத்துக்கு வர்றேன். இப்ப மில்லைப் பாக்கறது சின்ன மொதலாளி, பிரணவ் தம்பி. பெரியவரோட பேரன், வெளிநாட்டுல படிச்சவரு. வந்ததும் என்னையக் கூப்புட்டு, "அண்ணா, மிஷின் கெட்ட பொறவு பாக்கறதெல்லாம் அந்தக் காலம். கெடறதுக்கு முன்னாடியே சொல்ற சென்சார் மாட்டப் போறோம்"னாரு. சோப்புக் கட்டியாட்டம் ஒரு டப்பாங்க. கியர்பாக்ஸ் மேல வெச்சா காந்தமாட்டம் ஒட்டிக்கும். எவ்வளவு சூடு, எவ்வளவு ஆட்டம்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். எனக்குச் சுருக்குனுச்சு. ஏனுங்க, முப்பத்தொரு வருசமா அந்த கியர்பாக்ஸ் மேல கையை வெச்சுப் பாத்து, இது ஒரு வாரம் தாங்கும், இது நாளைக்கே படுத்துக்கும்னு சொல்லிக்கிட்டு இருக்கறவன் நான். ஒரு தடவை தப்புனது கெடையாது. என்ற கைக்கு மேலயா ஒரு சோப்பு டப்பா? ஆனாலும் ஆகட்டும் தம்பீன்னுட்டேன்.

அந்த சாஃப்ட்வேர் கம்பெனி கோயமுத்தூர்ல இருக்குது. அங்கிருந்து ஒரு புள்ளையை அனுப்பிச்சாங்க. ஜெபஷீலான்னு பேரு. சொந்த ஊரு நாகர்கோவில் பக்கம். இத்தனூண்டு இருக்கும், தோள்ல அதைவிடப் பெரிய பை. வேலைக்குச் சேந்து அஞ்சு மாசமாம், ஆறு மாசம் முடிஞ்சாத்தான் வேலை நெரந்தரமாம். நெரந்தரமானதும் தங்கச்சியைக் கோயமுத்தூருக்குக் கூட்டியாந்து கூடவே வெச்சுக் காலேஜ்ல சேத்தோணுமாம். நான் எதுவும் கேக்கலீங்க. ரெண்டு நாள்ல அதுவாச் சொன்னது. வாயே ஓயாது. ஊட்டுல என்னையப் போயி வாய் பேசறவன்னு சொல்றாங்க, அவங்கெல்லாம் அந்தப் புள்ளையைப் பாக்கோணும்.

வேலை என்னன்னு கேளுங்க. ஒவ்வொரு டப்பா முதுகுலயும் நீளமா ஒரு நம்பர் இருக்கும். கம்ப்யூட்டர்ல மிஷின் பேரெல்லாம் வரிசையா இருக்கும். எந்த டப்பா எந்த மிஷின் மேல உக்காந்திருக்குதுன்னு அதுல சேத்து விடோணும். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சாதகம் சேத்தற மாதிரின்னு வெச்சுக்கங்க. தப்பாச் சேத்துட்டா, ஒண்ணுக்குக் காய்ச்சல் வந்தா இன்னொண்ணுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருப்போம்.

அந்தப் புள்ளை, "நானே உள்ள வந்து ஒவ்வொண்ணாப் பாத்துக்கிடுதேன் சார்"னுச்சு. நாந்தான் விடல. "அம்மிணி, தரையெல்லாம் எண்ணெய். நாங்களே பாத்துப் பாத்துத்தான் காலை வெக்கறோம். நீ வழுக்கி விழுந்தீன்னா உங்கப்பனுக்கு நான் பதில் சொல்லோணும். ஆபீஸ்ல உக்காந்து தட்டு, நான் போன்ல படிக்கறேன்"னு சொல்லி உக்கார வெச்சேன். என்ற நல்ல மனசைப் பாருங்க.

நான் படிக்க, அது தட்ட, சும்மா மளமளன்னு போச்சு. பத்து முடிஞ்சுது. கடைசி டப்பா நம்பரைப் படிச்சு, பன்னண்டுன்னேன்.

"சார், பன்னண்டு இங்க இல்ல."

"இல்லாம எங்க போகும்? என்ற கண்ணு முன்னாடி நிக்குது."

"பதினொண்ணு வரைக்கும்தான் சார் இருக்கு. எட்டுதான் காலியாக் கெடக்கு. எட்டு எங்க சார்?"

"எட்டு கெடையாதும்மா."

"மொத்தம் பதினொரு மிஷின்தானே சார்?"

"பதினொண்ணேதான்."

"பொறவு எட்டு எப்படி சார் இல்லாமப் போவும்?"

இப்படியே கால் மணி நேரம். கடைசியில போனை வெச்சுட்டு ஓடியே வந்துருச்சு. எண்ணெய்த் தரையில ஒரு வழுக்கல் இல்லீங்க, ஆடு மாதிரி வந்து நிக்குது. ஒவ்வொண்ணா வெரலை நீட்டி எண்ணுச்சு. ஏழுக்குப் பக்கத்துல ஒம்பதைப் பாத்ததும் சிரிச்சுச்சு பாருங்க, கொப்பரை அள்ளற பொம்பளைங்கெல்லாம் வேலையை நிறுத்திட்டு அதுங்களும் சிரிக்குது. எதுக்குச் சிரிக்கறோம்னே தெரியாம.

மொதலாளி தம்பி பதினொரு மிஷின்னு சொல்லியிருக்காரு, கம்பெனிக்காரங்க ஒண்ணுலருந்து பதினொண்ணு வரைக்கும் வரிசையாப் போட்டு வெச்சுட்டாங்க. அதானுங்க விசயம். பேரை மாத்தற அதிகாரம் அந்தப் புள்ளைக்குக் கெடையாதாம், ஹெட் ஆபீஸ்லதான் மாத்தோணுமாம். அன்னைக்கு வெள்ளிக்கெழமை. திங்கக்கெழமை மாத்திருவாங்களாம். அது வரைக்கும் பன்னண்டோட டப்பாவை எட்டுங்கற எடத்துல சேத்து வெக்கறேன்னுச்சு. பதினொரு ஸ்டிக்கர் அடிச்சுக் கொண்டாந்திருந்துச்சு, ஒவ்வொரு மிஷின்லயும் ஒண்ணு ஒட்டறதுக்கு. எட்டுன்னு போட்டதை என்ற கையில குடுத்து, "இதைப் பன்னண்டாம் நம்பர் மேல ஒட்டணும் சார். கம்ப்யூட்டர்ல எட்டுன்னு செவப்பு வந்தா பன்னண்டை நிறுத்தணும். எல்லார்ட்டயும் சொல்லிடுங்க. மறக்கப்பிடாது சார்"னுச்சு. ஒரு தடவையா, நாலு தடவை. என்னையென்ன சின்னப் பாப்பான்னு நெனைச்சுதா? ஆகட்டும் அம்மிணி, நீ பஸ்ஸைப் புடின்னு தாட்டி விட்டேன்.

எனக்கும் அன்னைக்கு அவசரம். மக வயித்துப் பேரனுக்கு மறுநாள் காதுகுத்து. என்ற பையன்தான் தாய்மாமன். சீர்த்தட்டெல்லாம் கட்டி வெச்சுட்டு மில்லு வாசல்ல வேனோட நிக்கறாங்க, ஆரனை அமுத்தறாங்க. பத்து ஸ்டிக்கரை மளமளன்னு ஒட்டிட்டேன். எட்டு மட்டும் கையில நிக்குது.

இந்தப் பன்னண்டு இருக்குதே, அதைப் பத்திச் சொல்லோணும் சார். எங்க மில்லுலயே ராசியான மிஷின். பதினாலு வருசத்துல ஒரு நாளு நின்னதில்ல. ஆயுத பூசைக்கு மொதப் பொட்டு அதுக்குத்தான் வெப்பேன். அந்த நெத்தியில போயி எட்டுன்னு ஒட்டறதுங்களா? உங்களுக்குக் கை வருமா, சொல்லுங்க. அதனால அந்த ஸ்டிக்கரு பொடக்காலிக்குப் போயிருச்சு. பழைய எட்டு கெடக்குதே, அது மேல ஒட்டிக்கிச்சு. எட்டு எங்க இருக்கோணுமோ அங்க இருக்கட்டும்னு.

எப்படி ஒட்டிக்கிச்சுன்னா? ஒட்டிக்கிச்சுங்க. இப்படி நோண்டி நோண்டிக் கேட்டா எப்படி? ஆளுங்ககிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள வேன்காரன் கத்த ஆரம்பிச்சுட்டான்.

மறுநாளு கோயில்ல மொதப் பந்தி. எலை போட்டு உக்காந்துட்டேன். போன் வருது. ஆறுச்சாமி, எங்க ஷிஃப்டு இன்சார்ஜு. தங்கமான ஆளு, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வான். "ஏனுங்ண்ணா, எட்டாம் நம்பருக்குச் சூடு ஏறுதுன்னு கம்ப்யூட்டர் கத்துது. உள்ள எல்லா ஸ்டிக்கரும் பாத்துட்டேன், எட்டைக் காணோம். தேடிப் பாத்தா பொடக்காலியில பழைய மிஷின்ல இருக்குது. கொப்பரை கொட்டற வாயில கோழி ஒண்ணு அடை படுத்திருக்குதுங்ண்ணா. அந்தச் சூடா இருக்குமுங்களா?"ங்கறான்.

சொல்லுங்க சார், யாருக்குத்தான் சிரிப்பு வராது? நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து எலைக்காரரு ரசத்தைக் கொட்டிக்கிட்டாரு. பந்தி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். கோழியைக் கலைக்காத, குஞ்சு பொரிச்சதும் கம்ப்யூட்டர் அமந்துரும்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். பன்னண்டு ஞாபகம் வந்துச்சான்னு கேக்கறீங்களா? பந்தியில உக்காந்திருக்கறவனுக்கு என்ன ஞாபகம் வரும்? பாயசம் ஊத்திக்கிட்டு இருந்தாங்க. மறந்து போச்சு. மனுசன்னா மறதி இருக்காதுங்களா? அதுவும் போக, வெள்ளிக்கெழமை கெளம்பும்போது பன்னண்டு மேல கையை வெச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேன். எப்பவும் இருக்கற சூடுதான்.

ஞாயித்துக்கெழமை மறுபடி கூப்புட்டான், இன்னும் கத்துதுங்ண்ணான்னு. சத்தத்தை அமத்தி வெய்யிடான்னேன். பாவம், அமத்தி வெச்சுட்டான்.

திங்கக்கெழமை காலையில நான் மில்லுக்குள்ள காலை வெக்கறேன், பன்னண்டுலருந்து பொகை. டமார்னு ஒரு சத்தம். கியர்பாக்ஸ் இறுகிப் போயி, பல்லு ஒண்ணு விடாம மொறிஞ்சு, சாஃப்ட் வளைஞ்சு போச்சு. யாருக்கும் அடி படல, சாமி புண்ணியம். நான் போயி அதும் பக்கத்துல உக்காந்துட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. சொன்னாச் சிரிப்பீங்க.

சிரிக்கலையா? செரி.

அப்புறம் மொதலாளி தம்பி கம்ப்யூட்டரைத் தொறந்து பாத்தாரு. அது ஒரு பொல்லாத சாமானுங்க. எட்டாம் நம்பர், இந்த டப்பா, சேத்தவர் ஜெபஷீலா, இத்தனை மணி இத்தனை நிமிசம்னு எல்லாம் எழுதி வெச்சிருக்குது. பன்னண்டோட டப்பாவை எட்டுல சேத்திருக்குதேன்னு அவருக்குக் கோவம். என்னையப் பாத்து, "அந்தப் பொண்ணு தப்பாச் சேத்துருச்சாண்ணா?"ன்னாரு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. தலையை இப்படிப் பண்ணுனேன். பாருங்க, இப்படி. இது ஆமாவுங்களா?

நீங்களும் ஆமான்னுதான் சொல்றீங்க. அவரும் அப்படித்தான் எடுத்துக்கிட்டாரு. எல்லாரும் அப்படியே எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?

கம்பெனிக்கு லெட்டர் போயிருச்சு. அவங்க அந்தப் புள்ளையை வேலைக்கு வர வேண்டாம், விசாரணை முடியற வரைக்கும் ஊர்ல இருன்னு அனுப்பிட்டாங்க. நாளன்னைக்கு விசாரணை. தப்புன்னு முடிவாயிருச்சுன்னா வேலை போச்சு. ஆறாவது மாசம் முடிய பத்து நாள்தான் இருக்குது. ஆறுச்சாமிதான் வந்து சொன்னான். சொல்லிட்டு என்ற மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னான். உனக்கு வேலை இல்லையாடான்னு வெரட்டி விட்டேன்.

அந்தப் புள்ளைக்குப் போன் பண்ணுனேன். ஒரு சொல்லு கடுமையா வரலீங்க. "பரவாயில்ல சார், உங்க பேர நான் சொல்லல. உங்களுக்கு இனி ரெண்டு வருசம்தானே இருக்கு. எனக்கு வயசிருக்கு, வேற வேலை தேடிக்கிடுதேன். தங்கச்சி அடுத்த வருசம் சேந்துக்கட்டும்"னுச்சு. கையைச் சுட்டுக்காதீங்க, பாத்து வேலை செய்யுங்கன்னு எனக்கே புத்தி சொல்லிட்டு வெச்சுருச்சு.

அன்னையிலருந்து எனக்கு ஒழுங்காச் சோறு எறங்கலீங்க. காதுகுத்துல ஜிலேபி எச்சாத் தின்னுட்டேன், அதுன்னு நெனைக்கறேன். மூணு வாரமா செமிக்கல.

அதான் நேர்ல போயிப் பாத்துட்டு வந்தரலாமேன்னு கெளம்பிட்டேன். எண்ணெய் டின்னைக் குடுத்து, உங்க புள்ளை நெம்பக் கெட்டிக்காரி, மனசைத் தேத்திக்கங்கன்னு அதோட அப்பா அம்மாகிட்ட நாலு வார்த்தை ஆறுதலாச் சொல்லோணும். மனுசன்னா அது இருக்கோணுமில்லைங்களா?

என்னதுங்க? எண்ணெயைக் குடுத்தா வேலை திரும்பி வருமான்னா? நல்ல குசும்பு புடிச்ச ஆளுங்க நீங்க.

மொதலாளி தம்பிகிட்ட நான் எதுக்குங்க சொல்லோணும்? அவரு கேட்டாச் சொல்லுவேன். கேக்கலியே.

என்னங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? கோவமா? அட, பேசுங்க சார். இவ்வளவு நேரம் நல்லாத்தானே கேட்டுக்கிட்டு வந்தீங்க. ஒட்டன்சத்திரம் தாண்டிட்டோம், இன்னும் எவ்வளவு தூரம் இருக்குது, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு எப்படிப் போறது?

...

செரி. இந்தாங்க போனு. எனக்குப் படிக்கத் தெரியும், அந்தக் குட்டிக் குட்டி எழுத்தைத் தட்டத்தான் வராது. பேசலாம், ஆனா பேசுனா என்ற வாய் வேற எங்கயாவது போயிரும்னு இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கே தெரியும். வாட்சப்புல பிரணவ் தம்பி படம் இருக்கும் பாருங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு. நான் சொல்லச் சொல்லத் தட்டுங்க.

அன்புள்ள மொதலாளி தம்பிக்கு, நலம், நலமறிய ஆவல். அது வேண்டாமுங்களா? செரி, அழிச்சிருங்க. பன்னண்டாம் நம்பர் எக்ஸ்பெல்லர் விசயமாக. எட்டு என்கிற ஸ்டிக்கர் தவறுதலாக எடம் மாறிப் போய்விட்டபடியால்... என்னங்க நிறுத்திட்டீங்க? ஸ்டிக்கருக்குக் காலு இருக்குதான்னா? வாத்தியார் புத்தி போகுதா பாருங்க. செரி, செரி, தட்டுங்க. அந்தப் புள்ளை சரியாத்தான் சேத்துச்சு. எட்டு ஸ்டிக்கரைப் பன்னண்டு மேல ஒட்டச் சொல்லி நாலு தடவை சொல்லுச்சு. நான் ஒட்டல. பொடக்காலியில ஒட்டுனது நான். ஆளுங்ககிட்டச் சொல்லாததும் நான். இப்படிக்கு சென்னியப்பன். போட்டாச்சுங்களா? அமுத்துங்க. யோசிக்காதீங்க, நான் மனசு மாறறதுக்குள்ள அமுத்துங்க.

போயிருச்சா? ரெண்டு கோடு விழுந்துச்சா? நீலமா? அதுக்குள்ளயா படிச்சுட்டாரு!

அட சாமி, கூப்புடறாரே. வேண்டாம், நீங்க எடுக்காதீங்க. குடுங்க இப்படி.

அலோ. சொல்லுங்க தம்பி. பஸ்ஸுலதானுங்க இருக்கறேன். ஆமாங்க, நாந்தான் அனுப்பச் சொன்னேன். இல்லீங்க, அந்தப் புள்ளை என்னைய எதுவும் கேக்கலீங்க. என்ற பேரே வர வேண்டாம்னுதான் அது சொல்லுச்சு.

இல்லீங்க தம்பி. மறதின்னு போட்டுக்கலாம்னு சொல்றீங்க, உங்க நல்ல மனசு. மறதி இல்லீங்க. ஆறுச்சாமி போன் பண்ணும்போது ஞாபகம் இருந்துச்சு. பன்னண்டுதான்னு நல்லாத் தெரிஞ்சுது. நான் தொட்டுப் பாத்துட்டு வந்த மிஷினை ஒரு டப்பா எப்படித் தப்புச் சொல்லும்னு இருந்துட்டேன். ரெண்டு நாளும் தெரிஞ்சேதான் இருந்தேன்.

கேக்குதுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். திட்டுங்க தம்பி, எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க, அடுத்த ஊர்ல எறங்கித் திரும்பி வந்தர்றேன். ஆனா அந்தப் புள்ளைக்கு நாளன்னைக்கு விசாரணைங்க. நீங்க இப்பவே அந்தக் கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க. என்னைய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அவங்களுக்குப் போன் போடுங்க.